மேன்லியில் இரண்டு மணி நேர சர்ஃபிங் வகுப்பு: கொடுக்கும் காசுக்கு என்ன கிடைக்கும்?

சிட்னி மேன்லி கடற்கரையில் முதல்முறை அலைச்சறுக்குகிறவர்களுக்கான குழு வகுப்புக்கு ஆளுக்கு ஏறத்தாழ 80 முதல் 100 ஆஸ்திரேலிய டாலர் வரை ஆகிறது. இரண்டு மணி நேரம். பலகை, வெட்சூட் எனும் உடம்போடு ஒட்டிய ரப்பர் உடை, மேலே போட ஒரு நிறச் சட்டை எல்லாம் அவர்களே தருகிறார்கள். மேற்கு சிட்னியில் பெண்டில் ஹில், வென்ட்வொர்த்வில், டூங்கேபி பக்கம் இருப்பவர்களுக்கு இது வருடத்தில் ஒருநாள் செய்து பார்க்கிற காரியம். அதனால் போகும் முன்பே கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்த ஒரு வகுப்பில் யாரும் சர்ஃபர் ஆவதில்லை. இடுப்பளவுத் தண்ணீரில், உடைந்து வரும் வெள்ளை நுரையில், கரையைப் பார்த்து நேர்கோட்டில் நாலைந்து விநாடி நின்று வருவீர்கள். அதுவும் கடல் ஒத்துழைத்தால். ஆனால் அன்றைக்கு எங்கே இறங்குவது, எந்த அலையை விட்டுவிடுவது, எந்தத் தண்ணீரில் காலே வைக்கக் கூடாது என்று பக்கத்தில் நின்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் கிடைக்கிறார். முதல்முறை கடலில் இறங்குகிறவருக்கு அதற்காகவே அந்தக் காசு தகும். பலகை வாடகைக்கு எடுத்து யூடியூப் பார்த்துத் தானே இறங்குகிறேன் என்பவர்கள் மிச்சப்படுத்துவது ஐம்பது அறுபது டாலர்தான். அதில் அவர்கள் விட்டுவிடுவது மிக முக்கியமான பகுதியை.

ரயிலில் போகிறவர்கள் சென்ட்ரலில் மாறி சர்க்குலர் கீ, அங்கிருந்து எஃப்1 ஃபெர்ரியில் அரை மணி நேரம். மேன்லியில் இறங்கி கோர்சோ நடைபாதை வழியே போனால் ஐந்தாறு நிமிடத்தில் எதிர்ப்பக்கக் கடல் வந்துவிடும். வகுப்பு நார்த் ஸ்டெய்ன் பக்கம் என்றால் இன்னும் பத்து நிமிடம் நடை. பெண்டில் ஹில்லிலிருந்து ஒன்றே முக்கால் மணி நேரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளி முதல் ஞாயிறு வரை ஓப்பல் பயண அட்டையின் நாள் கட்டண உச்சவரம்பு குறைவு, இந்த ஃபெர்ரியும் அதற்குள் அடங்கும். தனியார் விரைவுப் படகு சீக்கிரம் போகும், ஆனால் கட்டணம் தனி. காரில் போனால் ஸ்பிட் பாலம் ஒரு தலைவலி. படகுகளுக்காகக் குறித்த நேரங்களில் பாலத்தைத் தூக்குவார்கள், அதில் மாட்டினால் வரிசை நகராது. அதைத் தாண்டினாலும் கடற்கரையோர பார்க்கிங் மீட்டர் இருக்கிறது. பத்து நிமிடம் தாமதமாகப் போனால் மணலில் நடக்கும் பாடம் பாதி போய்விடும். உங்களுக்காக அதைத் திரும்ப நடத்த மாட்டார்கள்.

மேன்லி எதற்கு, பாண்டை பக்கம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. பாண்டையின் வடமுனை ஆரம்பக்காரர்களுக்கு நல்ல இடம்தான், தென்முனையில் ரிப் எனும் கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் பலம். ஆனால் கோடை வாரயிறுதியில் அங்கே கூட்டத்துக்கு நடுவில் பலகையைத் திருப்பவே இடமிருக்காது. காலரோயின் தென்மூலை தெற்கு அலைக்கு மறைவானது, அலை மிக மிருது. வைன்யார்டிலிருந்து பி-லைன் பஸ் நேரே போகிறது. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு என் தேர்வு காலரோய். மேன்லியின் பலம் அதன் நீளம், ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர். தெற்கே சவுத் ஸ்டெய்ன், நடுவே நார்த் ஸ்டெய்ன், வடக்கே குவீன்ஸ்கிளிஃப். தெற்கிலிருந்து அலை பெரிதாக வரும் நாளில் வடமுனை அதை முழுதாக வாங்கும், சவுத் ஸ்டெய்ன் மூலையில் அதே நேரத்தில் பாதி உயரம்தான் இருக்கும். நல்ல பள்ளி அன்றைய அலை பார்த்துக் குழுவை நகர்த்தும். எப்போதும் வேன் நிற்கிற இடத்திலேயே இறக்குகிற பள்ளி சோம்பல் பள்ளி.

இந்த ஊருக்கு வரலாறும் உண்டு. ஹவாயின் டியூக் கஹானமோகு 1914-15 கோடையில் பக்கத்து ஃப்ரெஷ்வாட்டர் கடற்கரையில்தான் பலகையேறிக் காட்டினார். அவர் இங்கேயே செதுக்கிய மரப்பலகையை ஃப்ரெஷ்வாட்டர் உயிர்காப்புச் சங்கத்தில் வைத்திருக்கிறார்கள். முதல் உலக சர்ஃபிங் சாம்பியன்ஷிப் 1964-இல் மேன்லியில் நடந்தது. வகுப்பு முடிந்து கால் ஓடினால் ஃப்ரெஷ்வாட்டர் வரை நடந்து டியூக்கின் சிலையைப் பார்த்துவிட்டு வரலாம். பெரும்பாலும் கால் ஓடாது.

இனி நீச்சல். பதிவுப் படிவத்தில் நீச்சல் தெரியுமா என்று ஒரு கட்டம் இருக்கும். டிக் அடித்தால் பெரும்பாலும் யாரும் சோதிப்பதில்லை. இடுப்பளவுத் தண்ணீர்தானே என்று அதை நம்பிப் போகாதீர்கள். இடுப்பளவு என்பது அலை வருவதற்கு முன்னால் இருக்கும் கணக்கு. மணல்மேட்டுக்குப் பக்கத்திலேயே கழுத்தளவுப் பள்ளம் இருக்கும், காலடியில் மணல் நகர்ந்துகொண்டே இருக்கும். நீச்சல்குளத்தில் 50 மீட்டர் நிற்காமல் நீந்தவும், ஒரு நிமிடம் மல்லாந்து மிதக்கவும், தண்ணீருக்குள் முகம் புதைந்தால் பதறாமல் எழவும் தெரிந்தால் போதும். தெரியாவிட்டால் வகுப்புக் காசை முதலில் கவுன்சில் குளத்தில் பெரியவர்களுக்கான நீச்சல் பாடத்துக்குக் கொடுங்கள். பாரமட்டாவிலேயே 2023-இல் திறந்த பெரிய நீச்சல் வளாகம் இருக்கிறது. சர்ஃபிங்கை அடுத்த கோடைக்குத் தள்ளிவைத்தால் குடிமுழுகிவிடாது.

உடம்பில் இருப்பவை பற்றியும் சொல்ல வேண்டும், பள்ளிகள் இதைச் சரியாகச் சொல்வதில்லை. குளிர்ந்த தண்ணீரில் விரல் சுருங்கும், மோதிரம் தானாகக் கழன்று போகும். மேன்லி மணலில் விழுந்த மோதிரம் திரும்ப வராது. தாலிச் சங்கிலி, நீளச் செயின், ஜிமிக்கி, மெட்டி எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவைத்துவிட்டு வருவது நல்லது. கழற்ற மனமில்லாதவர்கள் குறைந்தது ராஷ் வெஸ்ட் எனும் கழுத்து மூடிய இறுக்கமான நீச்சல் சட்டைக்குள் செருகி மேலே வெட்சூட் போட வேண்டும். கண்ணாடி போட்டுக்கொண்டு இறங்க முடியாது. பவர் அதிகமுள்ளவர்கள் அதை முதலிலேயே கோச்சிடம் சொல்லிவிட்டால் அவர் கையசைப்பை நிறுத்திக் குரலில் சொல்வார். உடம்பு தெரியுமே என்று தயங்கும் பெண்களுக்கு ஒரு தகவல்: முழு வெட்சூட் கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடும், அதற்கு மேல் தொளதொளப்பான நிறச் சட்டை வேறு. அந்தக் கடற்கரையிலேயே அதிகம் மூடியிருப்பவர்கள் இந்த வகுப்புக்காரர்கள்தான்.

எந்த மாதம் போவது? சிட்னிக் கடல் ஆகஸ்ட், செப்டம்பரில் 17, 18 டிகிரிக்கு இறங்கும். பிப்ரவரி, மார்ச்சில் 23, 24 வரை ஏறும். பெரும்பாலோர் கிறிஸ்மஸ் விடுமுறையில் பதிவு செய்கிறார்கள். விலையும் கூட்டமும் அப்போதுதான் உச்சம், பிற்பகலில் வடகிழக்குக் கடற்காற்று எழும்பி அலையைக் கலக்கி நொறுக்கியும் விடும். மார்ச் முதல் மே நடுப்பகுதி வரை தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பு, காலைக் காற்று மேற்கிலிருந்து மெல்ல வரும், பள்ளிக்கூட விடுமுறை நாட்களைத் தவிர்த்தால் ஆளும் குறைவு. அந்த மாதங்களில், காலையின் முதல் வகுப்பு. இதை மட்டும் பின்பற்றினாலே பாதி வேலை முடிந்தது.

முந்தின நாள் ஸ்வெல்நெட் எனும் அலை முன்னறிவிப்புத் தளமோ வானிலைத் துறையின் தளமோ திறந்து மூன்று எண்களைப் பாருங்கள். அலை உயரம் ஒரு மீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும். ஒன்றரைக்கு மேல் என்றால் நுரையே நெஞ்சில் அறையும். அலைகளுக்கு இடையேயான நேரம் 8 முதல் 10 விநாடி இருந்தால் எழுந்து மூச்சு வாங்க அவகாசம் கிடைக்கும். ஐந்தாறு விநாடி என்றால் ஒன்று முடியுமுன் அடுத்தது முதுகில் ஏறும். மூன்றாவது, நீர் ஏற்றம். உச்ச ஏற்றத்தில் அலை கரையிலேயே மொத்தமாக விழுந்து உடையும், சறுக்கத் தூரமே இருக்காது. மணலில் தோள் மோதுவதும் அப்போதுதான். அடி வற்றத்தில் மணல்மேட்டின் மேல் ஒரே வரிசையாக மூடிக்கொண்டு விழும். இரண்டுக்கும் நடுவே, ஏற்றம் பாதியில் இருக்கும் நேரம் வகுப்பாக அமைந்தால் அதிர்ஷ்டம். பதிவு செய்யும்போதே ஏற்ற அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் அந்த அதிர்ஷ்டத்தை நீங்களே அமைத்துக்கொள்ளலாம்.

மழை பெய்கிறது என்று வகுப்பை ரத்து செய்ய மாட்டார்கள், அது நியாயமும்கூட. கனமழைக்கு மறுநாள்தான் யோசிக்க வேண்டும். சாக்கடை, மழைநீர் எல்லாம் கடலில் கலந்து தண்ணீர் கலங்கிக் கிடக்கும். திறந்த கடற்கரையில் கனமழைக்குப் பின் ஒரு நாளாவது இறங்க வேண்டாம் என்பது அரசு அறிவுரை. கலங்கிய தண்ணீரில் சுறா அபாயமும் கூடுதல். சைரன் ஒலித்தாலோ, சிவப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடி ஏறினாலோ கேள்வி கேட்காமல் கரையேறுங்கள்.

கோடையில் வடகிழக்குக் காற்று இரண்டு நாள் அடித்தால் ப்ளூபாட்டில் எனும் நீலநிறக் கொட்டும் உயிர் கரையொதுங்கும். வாலின் நூலிழை பட்டாலே சூடு போட்டாற்போல் எரியும். கடல் தண்ணீரில் கழுவி இழையை நீக்கிவிட்டு, தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரி அளவு வெந்நீரில் 20 நிமிடம் வைக்க வேண்டும். வினிகர் இதற்கு உதவாது. முழு வெட்சூட் போட்டிருந்தால் கையும் பாதமும் கழுத்தும் முகமும் மட்டும்தான் அதற்கு மிச்சம்.

உபகரணத்தில் முதலில் பார்க்க வேண்டியது வெட்சூட். ஜிப் முதுகுப் பக்கம் வரும். முன்பக்கம் என்று நினைத்து மாட்டிக்கொண்டு வெளியே வருபவர் ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் இருப்பார். காலில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு உள்ளே விட்டால் வழுக்கிக்கொண்டு போகும், போனதும் பையை உருவிவிடலாம். கணுக்கால், முழங்கால், தொடை என்று துணியைச் சிறிது சிறிதாக மேலேற்றுங்கள், நகத்தால் இழுக்காதீர்கள், கிழியும். இடுப்புக் கவட்டில் இடைவெளி இருந்தால் தோளில் இழுபடும், படுத்தபடி தண்ணீரைத் துடுப்பு போடக் கை வராது. அக்குளிலும் முதுகிலும் தொளதொளவென்று இருந்தால் தண்ணீர் புகுந்து புகுந்து வெளியேறி உடம்புச் சூட்டைக் கொண்டுபோய்விடும். பொருந்தாவிட்டால் கூச்சப்படாமல் வேறு அளவு கேளுங்கள். குளிர்காலத்துக்கு 3/2 மி.மீ. (உடம்பில் 3, கை காலில் 2 மி.மீ. தடிப்பு) முழு சூட் வேண்டும். மார்ச்சில் 2 மி.மீ. அரைக்கை, அரைக்கால் சூட் போதும், ஆனால் முழங்கால் தோல் பலகையில் உராய்ந்து சிவக்கும். வாசலின் தடவிக்கொண்டு வராதீர்கள். அது வெட்சூட் ரப்பரைக் கெடுக்கும்.

பலகை தெர்மோகோல் போன்ற நுரை உள்ளீடு, மேலே மிருதுவான படலம், அடியில் வழுக்கும் பிளாஸ்டிக் தகடு கொண்டது. 75 கிலோவுக்குள் இருப்பவருக்கு 8 அடி, அதற்கு மேல் 9 அடி. பலகையின் கன அளவு லிட்டர் கணக்கில் உங்கள் கிலோ எடையை விடப் பத்துப் பதினைந்து கூடுதலாக இருக்க வேண்டும். நீளப் பலகையைச் சுமக்கச் சங்கடமாக இருக்கிறது என்று 7 அடி கேட்டு வாங்குகிறவர்கள் இரண்டு மணி நேரமும் விழுந்துகொண்டே இருப்பார்கள். மணலில் இறங்குமுன் பலகையைத் திருப்பிப் பாருங்கள்: ஃபின் எனும் அடிச்சிறகு மூன்றும் ஆடாமல் இருக்கிறதா, அடித்தகட்டில் வெடிப்பு உண்டா. பக்கத்தவர் பலகையையும் ஒருமுறை தூக்கிப் பாருங்கள். உங்களுடையது கனத்துக் கிடந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது, மாற்றிக் கேளுங்கள். லெக்ரோப் எனும் கால்கயிறு பின்காலில், கணுக்காலுக்கு மேல், கயிறு வெளிப்பக்கமாகப் போகும்படி கட்டப்பட வேண்டும். உள்பக்கம் வந்தால் எழும்போது காலில் சுற்றும். அதைக் கையில் சுற்றிப் பிடிப்பது மட்டும் கூடவே கூடாது. அலை பலகையை இழுத்தால் விரல் போகும்.

வகுப்பின் முதல் 20, 25 நிமிடம் மணலில். இதைப் பலரும் சடங்காக நினைத்துச் செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பார்கள். உண்மையில் அந்தக் காசுக்கான சரக்கில் பாதி இங்கேதான் கைமாறுகிறது. முதலில் எந்தக் கால் முன்னே என்று பார்ப்பார்கள். பின்னாலிருந்து லேசாகத் தள்ளினால் எந்தக் காலை எடுத்து வைக்கிறீர்களோ அதுவே பெரும்பாலும் முன்கால். இடது முன்னே வந்தால் ரெகுலர், வலது வந்தால் கூஃபி.

படுக்கும் இடம் எல்லாவற்றிலும் முக்கியம். பலகையின் நடுக்கோட்டில் உடம்பு, கால்விரல்கள் வால் எனும் பின்முனைப் பக்கம், பலகையின் மூக்கு எனும் முன்முனை தண்ணீருக்கு மேலே இரண்டு மூன்று விரற்கடை உயரம். ஒரு சாண் முன்னே போனால் மூக்கு தண்ணீரைக் குத்தி ஆள் தலைகுப்புற விழுவார். ஒரு சாண் பின்னே போனால் மூக்கு வானம் பார்க்கும், வால் அமிழ்ந்து அலை உங்களைக் கடந்து போய்விடும். சரியான இடத்தில் படுத்ததும் உங்கள் தாடை பலகையின் எந்த எழுத்தின் மேல் வருகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் ஒவ்வொருமுறை ஏறும்போதும் அந்த எழுத்துதான் அடையாளம்.

எழுந்து நிற்க இரண்டு வழி சொல்லித் தருகிறார்கள். ஒரே துள்ளலில் எழுவது ஒன்று. உள்ளங்கையை ஊன்றி, பின்காலைக் குறுக்காக வைத்து, பிறகு முன்காலைக் கைகளுக்கு நடுவே கொண்டுவருவது மற்றது. எட்டு மணி நேரம் நாற்காலியில் உட்காரும் இடுப்புகளுக்கு இரண்டாவதே சரி. துள்ளல்தான் நிஜ சர்ஃபிங் என்று கோச் அடம் பிடித்தால் மெல்லக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். எதுவானாலும் கை ஊன்றும் இடம் அடிநெஞ்சுக்குப் பக்கத்தில், உள்ளங்கை தட்டையாகப் பலகையின் மேல்பரப்பில். ஓரத்தைப் பிடித்தால் பலகை ஒருபக்கம் சாயும். முழங்காலில் நிற்பது இடைப்படி அல்ல, அது ஒரு பழக்கம், ஒட்டிக்கொண்டால் விடாது. வகுப்புக்கு இரண்டு வாரம் முன்பிருந்து யோகா பாயில் தினம் பத்துப் பதினைந்து தடவை இதைச் செய்துவிட்டுப் போகிறவருக்கும் அப்படியே போகிறவருக்கும் தண்ணீரில் தெரியும் வித்தியாசம் மிகப் பெரிது.

தண்ணீருக்குள் நடக்கும்போது பலகை பக்கவாட்டில், மூக்கு அலையைப் பார்த்து. வயிற்றுக்கு முன்னே குறுக்காகப் பிடித்தால் முதல் நுரையே அதை விலா எலும்பில் அடிக்கும், பல் போனவர்களும் உண்டு. அலைக்கும் உங்களுக்கும் நடுவே பலகை இருக்கக் கூடாது. இந்த ஒரு விதியை மீறுவதால் வகுப்புகளில் காயம் படுகிறவர்கள் உண்டு.

கோச் பலகையைத் திருப்பிப் பிடிப்பார். ஏறிப் படுத்து, நுரை நாலைந்து மீட்டரில் வரும்போது துடுப்பு போடத் தொடங்க வேண்டும். வால் தூக்கும், பின்னாலிருந்து ஒரு உந்தல் தெரியும். இங்கேதான் பத்தில் எட்டுப் பேர் அவசரப்பட்டு எழுந்து விழுகிறார்கள். உந்தல் வந்த கணத்தில் பலகை இன்னும் அலையின் வேகத்துக்கு வரவில்லை, அப்போது அது ஆடும். உந்தலுக்குப் பின் இரண்டு இழுப்பு சேர்த்துப் போட்டால் சறுக்க ஆரம்பிக்கும், ஆட்டம் நின்றுவிடும். அதன் பிறகு கை ஊன்றுங்கள். முதல் ஐந்தாறு அலையை எழாமல் படுத்தபடியே கரை வரை வந்தால் இந்த வேக வித்தியாசம் உடம்புக்குப் புரிந்துவிடும். இதைச் சொல்லும் கோச் கிடைத்தால் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டு அடுத்த முறையும் அவரிடமே போங்கள்.

நின்ற பின் விழுவதற்கான காரணங்கள் மிகச் சில. காலைக் குனிந்து பார்ப்பது, தலை போன பக்கம் உடம்பு போகும்; பார்வை கரையிலுள்ள நார்ஃபோக் பைன் மரங்களின் மேல் இருக்கட்டும். இரண்டு பாதமும் வால் பக்கம் ஒதுங்குவது, பலகை பிரேக் போட்டு நிற்கும். பாதம் இரண்டும் முன்னோக்கி நேராக இருப்பது, பக்கவாட்டுச் சமநிலை போய்விடும். முழங்காலை மடக்குவதற்குப் பதில் இடுப்பை மடக்கிப் பின்புறத்தைத் தள்ளிக்கொண்டு நிற்பது. கடைசி இது, கோச் கத்திக்கொண்டே இருப்பார், நமக்குக் கேட்கவே கேட்காது.

விழும்போது பலகைக்கு முன்னால் விழாதீர்கள். பக்கவாட்டிலோ பின்னாலோ, தட்டையாக, உடம்பைப் பரப்பி விழ வேண்டும். ஆழம் குறைவு, தலைகீழாகப் பாய்ந்தால் கழுத்து மணலில் மோதும். எழும்போது இரு கையாலும் தலையை மூடிக்கொண்டு எழுங்கள், கயிற்றின் மறுமுனையில் இருக்கும் பலகை திரும்பி வந்துகொண்டிருக்கும்.

ரிப் பற்றி எல்லாப் பள்ளியும் பேசும், ஆனால் வேகமாகப் பேசிக் கடந்துவிடும். மேன்லியில் ரிப் அடிக்கடி உருவாகும். அலைகள் உடைந்து வெண்மையாக இருக்கும் இரண்டு இடங்களுக்கு நடுவே நுரையில்லாமல் கரும்பச்சையாக, அமைதியாக ஒரு வழி தெரிந்தால் அது கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம். அலையில்லாத இடமே பாதுகாப்பு என்று பழகிய கண்ணுக்கு அதுதான் இறங்க ஏற்ற இடமாகத் தோன்றும். மாட்டினால் எதிர்த்து நீந்தாதீர்கள், களைத்துப்போவீர்கள். பலகையை விடாதீர்கள், அதுவே உங்கள் மிதவை. படுத்துக்கொண்டு ஒரு கையை உயர்த்திக் காட்டுங்கள். முடிந்தால் பக்கவாட்டில், அலை உடையும் வெண்மையை நோக்கி நகருங்கள், அது கரைக்குத் தள்ளிவிடும். மேன்லியில் கவுன்சில் உயிர்காப்பாளர்கள் வருடம் முழுதும் பணியில் இருக்கிறார்கள். சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவே குளிப்பவர்களுக்கான இடம், பலகையோடு அங்கே நுழையக் கூடாது.

இப்போது குறைகள். இரண்டு மணி நேரம் என்பதில் சூட் மாட்டுவது, கழற்றுவது, மணல் பாடம் எல்லாம் அடக்கம். தண்ணீரில் கிடைப்பது 75, 80 நிமிடம். ஒரு கோச்சுக்கு எட்டுப் பேர் என்றால் உங்களுக்கான கவனிப்பு மொத்தம் பத்து நிமிடம். ஆறு பேர் என்றால் சிறப்பு, பத்தைத் தாண்டினால் வேறு நேரம் கேளுங்கள். எத்தனை பேருக்கு ஒரு கோச் என்பதைப் பதிவு செய்யுமுன் ஃபோனில் கேட்டுவிடுங்கள், இணையதளத்தில் பெரும்பாலும் இருக்காது. கவுன்சில் உரிமம் உண்டா, கோச்சுகள் சர்ஃபிங் ஆஸ்திரேலியா சான்றிதழ் பெற்றவர்களா என்பதும் அதே அழைப்பில் கேட்க வேண்டியவை. புகைப்படத் தொகுப்பைத் தனி விலைக்கு விற்பார்கள். எடுப்பவர் கோச்சே என்றால் அந்த நேரம் அவர் உங்களைத் தள்ளிவிடவில்லை என்று அர்த்தம். முதல் வகுப்பின் படத்தில் எப்படியும் முழங்காலில்தான் இருப்பீர்கள்.

ஹோம்புஷ், ஸ்ட்ராத்ஃபீல்டுக்காரர்கள் இன்னொரு வழியும் பார்க்கலாம். சிட்னி ஒலிம்பிக் பார்க்கில் 2024-இல் அர்பன்சர்ஃப் செயற்கை அலைக்குளம் திறந்திருக்கிறது. வேவ்கார்டன் தொழில்நுட்பம். ஒரே அளவு அலை, ஒரே இடைவெளியில், சொன்ன நேரத்துக்கு வரும். ரிப் இல்லை, சுறா இல்லை, ப்ளூபாட்டில் இல்லை. எழுந்து நிற்கும் அசைவைத் திரும்பத் திரும்பப் பழக இதைவிட நல்ல இடம் கிடையாது. பந்து வீசும் இயந்திரத்தின் முன் பேட் பிடித்துப் பழகுவது இது. மைதானத்தில் பந்து வீசுகிறவரின் கையைப் படிக்க இங்கே கற்க முடியாது. நன்னீரில் மிதப்பும் உப்புத் தண்ணீரைவிடக் கொஞ்சம் குறைவு, பலகை அரை அளவு பெரிதாகக் கேட்கலாம். கடலைக் கண்டு பயம் அதிகம் என்றால் முதலில் குளம், பிறகு மேன்லி. பயம் இல்லையென்றால் நேரே மேன்லி.

பிடித்துப்போனால் தனி வகுப்பாக வாங்காமல் மூன்று அல்லது ஐந்து வகுப்புத் தொகுப்பாக வாங்குங்கள், விலை இறங்கும். ஆனால் இடைவெளி பத்து நாளைத் தாண்டினால் உடம்பு மறந்துவிடும், ஒவ்வொரு முறையும் மணல் பாடத்திலிருந்து தொடங்க வேண்டி வரும். வெண்ணுரையில் பத்துக்கு ஏழு தடவை எழுந்து நிற்க வருகிறவரை பலகை வாங்க வேண்டாம். அதன் பிறகு வாங்கினால் 8 அடி நுரைப் பலகை புதிதாக 400 முதல் 600 டாலர், பழையது ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேசில் அதில் பாதிக்கும் கீழே. பழையதில் மேல்படலத்தை நடுக்கோட்டருகே விரலால் அழுத்திப் பாருங்கள், சதசதவென்றால் விட்டுவிடுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் போட்டு வைத்தால் நுரைக்கும் படலத்துக்கும் நடுவே காற்றுக் குமிழ் கிளம்பிப் பலகை வீண். அபார்ட்மெண்ட்டில் 8 அடி நிற்க இடம் இருக்கிறதா என்று அளந்துவிட்டு வாங்குங்கள், லிஃப்டையும் சேர்த்து.

தண்ணீரைவிட்டு வந்ததும் வெட்சூட் நனைவாக இருக்கும்போதே கழற்றிவிடுங்கள், காய்ந்தால் வராது. மூக்கிலிருந்து கடல் தண்ணீர் சாயங்காலம் வரை சொட்டும், திரும்பும் ஃபெர்ரியில் குனியாதீர்கள். மறுநாள் தோளும் விலாவும் வலிக்கும். மேகமூட்ட நாளிலும் முகத்தில் ஸிங்க் கலந்த எஸ்.பி.எஃப் 50+ பூசுங்கள், காதுமடலையும் பாதத்தின் மேல்புறத்தையும் மறக்காதீர்கள். நம் நிறத்துக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்கிற கதை சிட்னி வெயிலிடம் செல்லாது.

ஊருக்குப் போகும் பயணத்தோடு இதைச் சேர்க்க நினைப்பவர்கள் மாதம் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜூலை விடுமுறை என்றால் இலங்கையின் கிழக்கே பொத்துவில் பக்கம் அருகம்பே சீசனில் இருக்கும், ஆரம்பக்காரர்கள் மெயின் பாயிண்டை விட்டு பேபி பாயிண்டுக்குப் போக வேண்டும். சென்னையில் இறங்குகிறவர்களுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலைக் கோவளத்தில் மீனவ இளைஞர்கள் நடத்தும் சர்ஃப் பள்ளிகள் உண்டு. டிசம்பர் விடுமுறையில் கிழக்குக் கரை இரண்டும் வடகிழக்குப் பருவமழையில் கலங்கிக் கிடக்கும். அப்போது இலங்கையின் தெற்கே வெலிகம வளைகுடாவுக்குப் போங்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே மணல் தரை, மெல்லிய அலை, தண்ணீர் வெதுவெதுப்பு, வெட்சூட்டே தேவையில்லை.